கோடரிக்கும் மரத்துக்கும் நடுவே நீர்

சீன சோதிடத்தில் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் ஒரு சக்தி உண்டு. ‘சி ஷா’ என்பார்கள். ஏழு கொலை. ஜாதகரைக் குறிக்கும் எழுத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டே போனால் ஏழாவதாக வந்து நின்று அவரை நேராகத் தாக்கும் எழுத்து அது. விபத்து, பகை, நோய், சிறை என்று பழைய நூல்கள் இதன் தலையில் ஏற்றாத துன்பம் இல்லை. ஆனால் அதே நூல்கள் ஒரு படைத்தலைவனின் ஜாதகத்தை எடுத்தால் முதலில் தேடுவதும் இதைத்தான். இது இல்லாத இடத்தில் அதிகாரம் தங்காது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

என்னை உள்ளே இழுத்தது இந்த முரண்தான். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு, எங்கள் அடுக்குமாடியில் இருந்த ஒரு சீன மூதாட்டியிடம்தான் இதன் அரிச்சுவடியைக் கற்றேன். எல்லாரும் அவரை ஆன்ட்டி என்றே கூப்பிடுவோம். அவர் ஜாதகம் பார்த்துக் காசு வாங்குபவர் இல்லை. தன் அப்பாவிடம் கற்றதை மறக்காமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். ‘எனக்குக் கெட்ட காலமா?’ என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. எது தாக்குகிறது என்பதைவிட, தாக்குவதற்கும் தாக்கப்படுவதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். இந்த சாஸ்திரத்தின் சாரம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஊர் உலகத்தில் பரவியிருப்பதோ அந்தக் கேள்வியைக் கழற்றிவிட்ட மிச்சம். அதாவது, வெறும் பயம்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். சீன முறையில் சக்திகள் ஐந்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். இதை நம் பஞ்சபூதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றும் ஆகாயமும் இதில் கிடையாது. இவை பொருள்கள் என்பதைவிடப் பருவங்களின் நகர்வுகள் என்று கொள்வதே சரி. மரம் வசந்தம், நெருப்பு கோடை, உலோகம் இலையுதிர் காலம், நீர் குளிர்காலம், மண் ஒவ்வொரு பருவத்தின் கடைசிப் பகுதி. இவற்றுக்குள் இரண்டு சுற்றுகள் ஓடுகின்றன. ஒன்று பெற்றெடுக்கும் சுற்று: மரம் எரிந்து நெருப்பாகும், நெருப்பின் சாம்பல் மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் விளையும், உலோகம் நீரைத் தரும், நீர் மரத்தை வளர்க்கும். இன்னொன்று அடக்கும் சுற்று: மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரைத் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும்.

தொடக்கநிலைப் புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். பெற்றெடுப்பது நல்லது, அடக்குவது கெட்டது என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சோங் அரச வம்சத்தின் காலத்தவரான சூ ஸிபிங்கின் பெயரில் வழங்கும் சில வரிகள் இந்தக் கலையைப் படிப்பவர்களுக்கு மனப்பாடம். உலோகம் மரத்தை வெட்டும்தான், ஆனால் மரம் வைரம் பாய்ந்ததென்றால் கோடரியின் வாய்தான் உடையும். மரம் மண்ணைப் பிளக்கும், மண் கெட்டித்துக் கனத்துவிட்டால் மரம் முறியும். மண் நீரைத் தடுக்கும், வெள்ளம் வந்தால் மண் கரைந்து ஓடும். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு ஓங்கிவிட்டால் நீர் கொதித்துப் போகும். நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மலையாகக் குவிந்தால் நெருப்பு அணையும்.

இதைவிட என்னை உலுக்கியவை அடுத்த வரிகள். பெற்றெடுப்பதும் கொல்லும் என்கின்றன அவை. நீர் மரத்துக்குத் தாய், நீர் மிகுந்தால் மரம் வேரோடு மிதந்து போய்விடும். மண் உலோகத்துக்குத் தாய், மண் மிகுந்தால் உலோகம் புதைந்து யார் கண்ணுக்கும் படாமலே போகும். நெருப்பு மண்ணுக்குத் தாய், நெருப்பு மிகுந்தால் மண் கருகும். தாய்ப்பாசம் அளவு மீறிப்போன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்தக் கணக்கில் நல்ல சக்தி, கெட்ட சக்தி என்று முத்திரை குத்தி எதையும் ஒதுக்கி வைக்க முடிவதில்லை. எவ்வளவு, எந்தப் பருவத்தில், யாருக்குப் பக்கத்தில் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

இப்போது ஏழு கொலைக்குத் திரும்பலாம். ‘பாஸி’ என்னும் முறையில் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் என நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணுக்கும் மேலே ஒரு வானத் தண்டு, கீழே ஒரு பூமிக் கிளை. ஐந்து சக்திகளும் யாங், யின் என்ற இரண்டு துருவங்களில் வருவதால் தண்டுகள் பத்து. கிளைகள் பன்னிரண்டு. மொத்தம் 8 எழுத்துகள். இதில் நாளின் வானத் தண்டுதான் ஜாதகர். சோங்குக்கு முந்தைய தாங் காலத்து லி சூஜோங் ஆண்டுத் தூணை மையமாக வைத்துப் பலன் சொன்னார், நாளுக்கு மையம் மாறியது சோங் காலத்தில் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த நாள் எழுத்து ‘ஜியா’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடிதுயர்ந்த மரம், யாங். ஏழாவதாக வருவது ‘கெங்’. கோடரி உலோகம், அதுவும் யாங். இரண்டும் ஒரே துருவம் என்பதால் தயவு தாட்சண்யம் இல்லாத தாக்குதல். அதே உலோகம் யின் வடிவத்தில், ‘ஷின்’ ஆக வந்தால் அதற்குப் பெயரே வேறு. முறையான அதிகாரி என்று மரியாதையாகச் சொல்வார்கள். சட்டம், ஒழுங்கு, பதவி எல்லாம் அதன் கணக்கில் வரும். தாக்கும் திசை ஒன்றுதான். துருவம் மாறியதும் கொலை பதவியாகிவிடுகிறது.

ஏழு கொலையைக் கையாள இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதல் வழி எதிர்த்து அடிப்பது. மரம் நெருப்பைப் பெறும், அந்த நெருப்பு போய் உலோகத்தை உருக்கும். இது வேலை செய்யும். ஆனால் எரிகிற நெருப்புக்கு விறகு ஜாதகர்தான். வென்றாலும் அவர் தேய்வார். இரண்டாவது வழி நடுவே நீரை வைப்பது. உலோகம் நீரைப் பெறும், நீர் மரத்தை வளர்க்கும். பெற்றெடுக்கும் வேலை கிடைத்துவிட்டால் உலோகம் வெட்டுவதை மறந்துவிடும் என்கிறார்கள். எதிரியின் பலம் முழுக்க ஒரு சுற்று சுற்றி ஜாதகருக்கே உணவாக வந்து சேர்கிறது. ஜாதகத்தில் நீரின் இடம் கல்வி, ஆசான், தாய், பொறுமை. கொடுமையான மேலதிகாரியிடம் சிக்கி, அவரிடமே தொழில் கற்று, கடைசியில் அவராலேயே மேலே வந்தவர்களை ஆன்ட்டி இந்த வகையில் சேர்ப்பார். இரண்டு வழியும் ஒரே ஜாதகத்தில் மோதிக்கொண்டால்தான் வம்பு. நீர் நெருப்பை அணைத்துவிடும், இரண்டுமே பயனற்றுப் போகும்.

கோடரியை எப்போதும் தடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இலையுதிர் காலத்தில் முற்றி நிற்கும் ஜியா மரத்துக்கு கெங் வரவேண்டும் என்று விரும்புகிறார்கள். கோடரி படாத நெடுமரம் உத்தரம் ஆகாது. அந்தக் கோடரியும் ‘டிங்’ என்னும் உலைநெருப்பில் காய்ந்தால்தான் கோடரி, இல்லையென்றால் அது வெறும் உலோகக் கட்டி.

பூமிக் கிளைகள் பன்னிரண்டும் நாம் கேள்விப்பட்ட விலங்குகள்தான். எலி, எருது, புலி, முயல் என்று போகும். வட்டத்தில் நேரெதிரே நிற்பவை மோதும். எலியும் குதிரையும் மோதும், அதாவது நடுக்குளிர்காலமும் நடுக்கோடையும். மோதல் என்றதும் கல்யாணத் தரகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பழைய முறையில் மோதல் ஒரே வகை இல்லை. புலியும் குரங்கும், பாம்பும் பன்றியும் மோதினால் இடமாற்றம், பயணம். டிராகனும் நாயும், எருதும் ஆடும் மோதினால் கதையே வேறு. இந்த நான்கும் மண் கிளைகள், உள்ளே மற்ற சக்திகளைப் பூட்டி வைத்திருக்கும் களஞ்சியங்கள். மோதல்தான் அந்தக் களஞ்சியத்தைத் திறக்கும். மோதாமலே போனால் உள்ளே இருக்கும் செல்வம் இருந்தும் இல்லாததுபோல. எலியும் குதிரையும், முயலும் சேவலும் மோதுவதுதான் கடுமையானது. அங்கேயும் மூன்றாவதாக ஒருவர் வந்து ஒன்றோடு கூடிவிட்டால், கூடும் ஆசையில் மோதல் மறந்துபோகும் என்று விதி இருக்கிறது.

இன்னொரு விசித்திரம். மோதலைத் தவிர, கூடுவது, உடைப்பது, தண்டிப்பது என்றும் கிளைகளுக்குள் உறவுகளின் பட்டியல் உண்டு. பாம்பும் குரங்கும் கூடும் ஜோடி. அதே இரண்டும் உடைக்கும் ஜோடி, தண்டிக்கும் ஜோடியும் கூட. புலியும் பன்றியும் கூடவும் செய்கின்றன, உடைக்கவும் செய்கின்றன. பட்டியலில் பிழை என்று நினைத்து ஆன்ட்டியிடம் கேட்டேன். பிழை எதுவும் இல்லை, இரண்டும் நடக்கும், எது எப்போது என்பதை மற்ற எழுத்துகள் சொல்லும் என்றார். நீண்ட தாம்பத்தியங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது.

உருமாற்றம் என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் இனிமையை இந்த முறை கொடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வானத் தண்டுகள் பத்தும் ஐந்து ஜோடிகளாகக் கூடும். ஜியா மரம் ஜி மண்ணோடு கூடி மண்ணாகும். யி மரமும் கெங் உலோகமும் சேர்ந்து உலோகம். டிங் நெருப்பும் ரென் நீரும் சேர்ந்து மரம். பிங் நெருப்பும் ஷின் உலோகமும் சேர்ந்து நீராகும். வூ மண்ணும் குய் நீரும் சேர்ந்து நெருப்பாகும். கடைசி மூன்றைக் கவனியுங்கள், பிறப்பது இருவரில் யாருமே இல்லை. இந்த மாற்றங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு நாட்காட்டிக்குள்ளேயே ஒரு விளக்கம் இருக்கிறது. ஜியா அல்லது ஜி ஆண்டில், புலியில் தொடங்கி மாதங்களை எண்ணினால், மூன்றாவதாக வரும் டிராகன் மாதத்தின் தண்டு வூ, மண். யி அல்லது கெங் ஆண்டில் டிராகன் மாதத்துக்கு கெங், உலோகம். மற்ற மூன்று ஜோடிகளுக்கும் இப்படியே பொருந்தி வரும். டிராகன் வரும்போது மாறும் என்று அதனால்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கின் அழகில் எப்போதும் ஒரு மயக்கம் உண்டு.

ஆனால் கூடினாலே மாறிவிடாது. பிறந்த மாதம் துணை நிற்க வேண்டும், எதிர்க்கும் சக்தி பக்கத்தில் இருக்கக் கூடாது. இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தன் வேலையும் செய்யாமல் புது வேலையும் செய்யாமல் கட்டுண்டு நிற்கும். உண்மையாகவே மாறிவிட்டாலும் அதற்கு விலை உண்டு. மண்ணாகிவிட்ட ஜியா இனி மரம் இல்லை. அதுவரை அதற்கு உணவாக இருந்த நீர், இனி அது அடக்க வேண்டிய பொருள். உறவுகள் அத்தனையும் இடம் மாறிவிடும். அடிக்கும் சக்தி உன்னை நீயாகவே விட்டுவைத்து அடிக்கிறது, உருமாற்றும் சக்தி உன்னையே எடுத்துக்கொள்கிறது. எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

‘ஸி வெய் தோவ் ஷு’ என்ற நட்சத்திர முறையிலும் இதே போக்கு தெரிகிறது. ஏழு கொலை, படை உடைப்பான், பேராசை ஓநாய் என்று மூன்று நட்சத்திரங்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று முக்கோணத்தில் நிற்கும். கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டும் வாழ்க்கைகள் இவற்றின் கணக்கு. பிறந்த ஆண்டின் தண்டைப் பொறுத்து சில நட்சத்திரங்களுக்கு லாபம், அதிகாரம், புகழ், முடக்கம் என்று நான்கு மாற்றங்கள் கிடைக்கும். பேராசை ஓநாய்க்கு வூ ஆண்டில் லாபம், குய் ஆண்டில் முடக்கம். நட்சத்திரம் அதேதான்.

இதெல்லாம் தனிமனித ஜாதகத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அரசியலாக இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஸோ யான் என்ற சிந்தனையாளர், அரச வம்சங்கள் அடக்கும் சுற்றின்படி ஒன்றையொன்று வீழ்த்துகின்றன என்று வகுத்தார். மஞ்சள் பேரரசர் மண், அதைப் பிளந்த சியா மரம், அதை வெட்டிய ஷாங் உலோகம், அதை உருக்கிய ஜோவ் நெருப்பு. அப்படியானால் அடுத்து வருபவன் நீர். கி.மு. 221-ல் நாடுகளையெல்லாம் வென்ற சின் ஷி ஹுவாங் அந்த நீரைத் தனக்கென எடுத்துக்கொண்டார். ஆடைக்கும் கொடிக்கும் கறுப்பு நிறம், எதற்கும் ஆறு என்ற எண், மஞ்சள் ஆற்றுக்கு ‘அறநீர்’ என்று புதுப் பெயர், குளிர்காலத்தின் கடுமைக்கு ஏற்ற இரக்கமற்ற சட்டம். அழிக்கும் சக்தியே தன் உரிமை என்று அறிவித்துக்கொண்ட அரசு அது. 15 ஆண்டுகள்தான் நின்றது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி. ஹான் வம்சம் முதலில் அடக்கும் சுற்றிலேயே போனது. கி.மு. 104-ல் வூ பேரரசர் நாட்காட்டியைத் திருத்தியபோது தங்களை மண் என்று அறிவித்தார், நீரான சின்னை அடக்கிய மண். ஆனால் ஒரு நூற்றாண்டுக்குள் அறிஞர்கள் மொத்தக் கணக்கையும் பெற்றெடுக்கும் சுற்றுக்கு மாற்றி எழுதினார்கள். ஜோவ் மரமாயிற்று, அது பெற்ற ஹான் நெருப்பாயிற்று, நடுவில் வந்த சின் வரிசையிலிருந்தே தள்ளப்பட்டது. கி.பி. 9-ல் அரியணையைப் பறித்த வாங் மாங், நெருப்பின் பிள்ளையான மண்ணாகத் தன்னைக் காட்டிக்கொண்டார். கி.பி. 184-ல், அறுபதாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டான ஜியா-ஸி ஆண்டில், மஞ்சள் தலைப்பாகைக் கலகக்காரர்கள் நீல வானம் செத்தது, மஞ்சள் வானம் எழும் என்று கிளம்பினார்கள். 220-ல் ஹான் பேரரசரை இறக்கிவிட்ட சாவோ பீ தன் ஆட்சிக்கு ‘மஞ்சள் தொடக்கம்’ என்று பெயர் வைத்தார். மஞ்சள் மண்ணின் நிறம், மண் நெருப்பின் பிள்ளை. கவிழ்த்தவன் ஒவ்வொருவனும் கவிழ்ந்தவனுக்குப் பிள்ளையாகிவிடப் பார்க்கிறான்.

இதன் உச்சம் சோங் வம்சத்தின் கதை. சோங் அரசு தன்னை நெருப்பு என்று கொண்டிருந்தது. வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் மக்கள் தங்கள் அரசுக்கு ஜின் என்று பெயரிட்டார்கள், பொன், உலோகம். நெருப்புதான் உலோகத்தை உருக்க வேண்டும். ஆனால் 1126-ல் தலைநகரான காய்ஃபெங் முற்றுகைக்குள் சிக்கியது, 1127-ன் தொடக்கத்தில் விழுந்தது, அதே ஆண்டு பேரரசர் சின்சோங்கும் அவருடைய தந்தை ஹுய்சோங்கும் கைதிகளாக வடக்கே கொண்டுபோகப்பட்டார்கள். உலோகம் குவிந்தால் நெருப்பு அணையும் என்ற வரி அப்படியே நடந்ததுபோல எனக்குத் தோன்றும். பிறகு 1202-ல் ஜின் அரசவை ஒரு முடிவெடுத்தது. இனி நாங்கள் மண் என்று அறிவித்தார்கள். நெருப்பின் பிள்ளை! தலைநகரை எரித்துக் கொள்ளையிட்டவர்கள், முக்கால் நூற்றாண்டு கழித்து, அந்த வம்சத்தின் முறையான வாரிசாகத் தங்களைப் பதிந்துகொண்டார்கள். அழிவு நடந்து முடிந்தபின் அதைப் பிறப்பாக மாற்றி எழுத இந்த முறை ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதில் ஆறுதலும் உண்டு, ஆபத்தும் உண்டு.

அந்த 1126 சாதாரண ஆண்டு இல்லை. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் சுழல்வதுபோல அவர்களுக்கும் 60. அதில் 43-ஆவது ‘பிங்-வூ’, நெருப்புக் குதிரை. இந்த வூ குதிரைக் கிளையின் பெயர், மண் தண்டான வூ வேறு. மேலே யாங் நெருப்பு, கீழே நடுக்கோடையின் நெருப்பு. அடுத்தது ‘டிங்-வெய்’, நெருப்பு ஆடு. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நாட்டுக்குக் கேடு என்ற நம்பிக்கை சீனத்தில் உறுதியாக வேரூன்றியது. தெற்கே எஞ்சி நின்ற சோங் அரசின் காலத்தில், இன்னொரு பிங்-வூ ஆண்டான 1246-ல், சாய் வாங் என்ற அதிகாரி கி.மு. 255 முதல் கி.பி. 947 வரை வந்த 21 சுற்றுகளின் பேரிடர்களைத் தொகுத்து அரசரிடம் கொடுத்தார். அதற்குப் பரிசாகச் சிறை கிடைத்தது. அவர் ஆட்சியாளர்களை எச்சரிக்க நினைத்தார். நெருப்பு உச்சத்தில் இருக்கும் ஆண்டில் ஆள்பவன் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

ஜப்பானில் அதே நம்பிக்கை யார் தலையில் வந்து விழுந்தது என்று பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அங்கே எடோ காலத்தில், நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனைத் தின்றுவிடுவாள் என்று பேச்சு பரவியது. 1683-ல் தீ வைத்த குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட ஒஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகளை, 1666-ல் பிறந்த நெருப்புக் குதிரை என்று பின்னால் வந்த நாடகங்கள் சேர்த்துக் கட்டின. 1906-ல் பிறந்த பெண் குழந்தைகளை முந்தைய ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ பிறந்ததாகப் பதிந்த பெற்றோர்கள் இருந்தார்கள். 1966-ல், புல்லட் ரயில் ஓடிக்கொண்டிருந்த ஜப்பானில், பிறப்புகள் சுமார் 18 லட்சத்து 24 ஆயிரத்திலிருந்து 13 லட்சத்து 61 ஆயிரமாகச் சரிந்தன. கால் பங்கு குறைவு. அடுத்த ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டி ஏறின. ஒரு போர், ஒரு பஞ்சம் விட்டுப்போகும் பள்ளம் அந்த நாட்டின் மக்கள்தொகை வரைபடத்தில் இன்றும் இருக்கிறது, போரும் பஞ்சமும் இல்லாமலே.

இவ்வளவுக்கும் அதே மரபில் ‘நாயின்’ என்று இன்னொரு கணக்கு உண்டு. அறுபது ஆண்டுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒலியின் அடிப்படையில் ஒரு சக்தியைத் தரும் முறை. அதில் பிங்-வூவுக்கும் டிங்-வெய்க்கும் கிடைப்பது நீர். ஆகாயகங்கையின் நீர். நெருப்பு நெருப்பின் மேல் ஏறி நிற்கும் ஆண்டுகளுக்கு முன்னோர்கள் வைத்திருக்கும் இன்னொரு முகம் அது. அந்தக் குழந்தைகளைப் பெறத் தயங்கிய வீடுகளில் இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

பெண்களை இந்தச் சொற்கள் படுத்திய பாடு இதோடு முடியவில்லை. ஜாதகர் பெற்றெடுக்கும் சக்திகளில் ஒன்றுக்கு ‘அதிகாரியைக் காயப்படுத்துவது’ என்று பெயர். முறையான அதிகாரியை அது தாக்குவதால் வந்த பெயர். ஆணின் ஜாதகத்தில் அது கூர்மையான அறிவு, கலை, நாவன்மை, கொஞ்சம் திமிர் என்று ரசித்துப் பேசுவார்கள். பெண்ணின் ஜாதகத்தில் அதிகாரி என்றால் கணவன் என்று வைத்துவிட்டதால், அதே கூர்மை அங்கே கணவனுக்கு ஆகாத தோஷமாகிவிட்டது. நம் ஊர் மூல நட்சத்திரப் பெண்களுக்கு மாமனாரைக் காட்டிச் சொன்ன கதை தெரிந்தவர்களுக்கு இந்த வலி புரியும். ஆன்ட்டியின் ஜாதகத்தில் இந்த எழுத்து இரண்டு இடத்தில் இருந்தது. இதே காரணத்துக்காக ஒரு சம்பந்தம் கை நழுவிப் போனதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். காயப்படுத்தும் சக்திக்கும் அதிகாரிக்கும் நடுவே செல்வம் என்று ஒரு சக்தி வந்தால் தாக்குதல் கரைந்துவிடும் என்பது இதே நூல்களில் எழுதப்பட்ட விதி. சம்பந்தம் பேச வந்தவர்கள் அவ்வளவு தூரம் பக்கத்தைப் புரட்டவில்லை.

ஐந்து சக்திகளின் கணக்கையே ஏற்காதவர்களும் சீனத்தில் எப்போதும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் கேட்டது எளிய கேள்வி. நீர் நெருப்பை வெல்லும் என்றால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை? உலோகம் மரத்தை வெல்லும் என்றால் சேவல் ஏன் முயலைக் கொத்துவதில்லை? விலங்குகளை வெறும் அடையாளமாக வைத்திருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் விலங்கை மட்டும் வைத்து இன்னாரும் இன்னாரும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு, 1,900 ஆண்டுகளுக்கு மேலாகியும், பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்படி விலங்கை மட்டும் வைத்துச் சொல்லப்படுவதில் பெரியது ‘தாய் சுய்’. வியாழன் வானத்தைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். அதற்கு எதிர்த்திசையில் நகர்வதாகக் கற்பனையாக ஒரு கோளை வைத்து ஆண்டுகளை எண்ணினார்கள். பிறகு அது ஆண்டின் தேவதை ஆனது, அறுபது ஆண்டுகளுக்கு அறுபது தளபதிகள் ஆனார்கள். அந்தந்த ஆண்டின் தேவதையோடு மோதும் விலங்குகளின் பட்டியல் புத்தாண்டுக்கு முன்பே கோயில்களில் வந்துவிடும். 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை. பட்டியலில் குதிரை, எதிரே நிற்கும் எலி, கேடு செய்யும் எருது, உடைக்கும் முயல். பன்னிரண்டில் நான்கு, அதாவது மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெயர் எழுதி, காணிக்கை கட்டி, சாந்தி செய்துகொள்பவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். வருடத்தின் தொடக்கத்தில் ஒருமுறை தலைதாழ்த்தி நிற்பது நல்ல வழக்கம்தான். பட்டியலில் தன் விலங்கைப் பார்த்துவிட்டு, வேலை மாறுவதையும் அறுவைச் சிகிச்சையையும் தள்ளிப்போடுபவர்களை நினைத்தால்தான் மனம் ஒப்பவில்லை.

தாய் சுய்க்கு எதிரே போகக் கூடாது என்ற விலக்கு மிகப் பழையது. ஷுன்ஸி என்ற சிந்தனையாளர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறார். ஜோவ் நாட்டு வூ அரசர், ஷாங் வம்சத்தின் கடைசிக் கொடுங்கோலனை எதிர்த்துப் படையோடு கிளம்புகிறார். கிளம்பிய நாளே படைக்கு ஆகாத நாள். கிழக்கு நோக்கி, தாய் சுய்யை நேருக்கு நேர் பார்த்தபடி போகிறார்கள். வழியில் ஆறு பெருகுகிறது, ஓரிடத்தில் வழி இடிகிறது, இன்னோரிடத்தில் மலை சரிகிறது. புறப்பட்டு மூன்று நாளில் ஐந்து கேடுகள் வந்துவிட்டனவே, இது கூடாதோ என்று அரசரின் தம்பி ஹுவோ பயப்படுகிறார். இன்னொரு தம்பியான ஜோவ் கோமகன் பதில் சொல்கிறார். அந்தக் கொடுங்கோலன், அறிவுரை சொன்ன தன் உறவினர் பி கானின் நெஞ்சைப் பிளந்தவன், இன்னொரு உறவினர் ஜி ஸியைச் சிறையில் போட்டவன், தீயவர்கள் கையில் ஆட்சியைக் கொடுத்தவன், இதில் கூடாதது என்ன இருக்கிறது? படை நிற்காமல் போகிறது. விடியும்போது மூயே சமவெளியில் முரசு ஒலிக்கிறது. எதிரே அணிவகுத்து நின்ற ஷாங் வீரர்கள் அப்படியே திரும்பித் தங்கள் அரசனை நோக்கி நடக்கிறார்கள். கொன்றவர்கள் ஜோவ் நாட்டவர் இல்லை, ஷாங் மக்களேதான் என்று எழுதுகிறார் ஷுன்ஸி.